மணிமேகலையின் கலமும் இன்றைய தியானமும்

மன அமைதியை நாடுவோர் கண்களை மூடித் தம் மூச்சை நோக்கியிருக்க வேண்டும் என்ற அறிவுரை இன்று உலகெங்கும் ஒலிக்கின்றது. விபசனா என்று பாளி மொழியிலும், நுண்ணோக்குத் தியானம் என்று தமிழிலும் சுட்டத்தக்க இப்பயிற்சி, ஒரு காலத்தில் பெரும்பாலும் பிக்குகளின் ஆரணியங்களில் அடங்கியிருந்தது. இன்றோ அது மருத்துவமனையிலும், சிறைச்சாலையிலும், வணிக நிறுவனங்களின் பயிற்சிக் கூடத்திலும், கைபேசித் திரையிலும் குடிபுகுந்துள்ளது. துன்பத்தின் வேர் உள்ளத்திலேயே இருக்கின்றது, அதனைக் களையும் பொறுப்பும் தனி மனிதனுடையதே என்பது இதனைப் பரப்புவோரிற் பலரின் முடிபு. இம்முடிபை அப்படியே ஏற்பதா, முதலாளித்துவ உலகின் மற்றுமொரு மயக்க மருந்து என்று தூக்கி எறிவதா? இரண்டுமே எளிய வழிகள், எளியவையாதலாலேயே ஐயத்துக்குரியவை. கொள்ளத்தக்கதையும் தள்ளத்தக்கதையும் பிரித்தறிய நம்மிடம் நல்லதோர் உரைகல் உண்டு. சாத்தனாரின் மணிமேகலையே அது.

இவ்வினாவை ஒலுவிலிலிருந்து எழுப்புவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நிந்தவூருக்கும் பாலமுனைக்கும் இடையே, கிழக்கிற் கடலும் மேற்கில் நெல்வயலுமாக அமைந்த இவ்வூர் தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர். ஆயினும் வயல்களைக் கடந்து மேற்கே சென்றால் தீகவாபித் தாகபை நிற்கின்றது. துட்டகைமுனுவின் தம்பி சத்தாதிஸ்ஸன் அங்கே விகாரை எடுப்பித்தான் என்று மகாவம்சம் கூறும். இத்துணை அண்மையிற் பௌத்தத்தின் தொன்மையான தலமொன்று இருந்தும், அத்திசையிலிருந்து எம் மக்களை வந்தடைந்தது தியானம் அன்று; காணிப் பிணக்கே வந்தடைந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன் குடியேற்றங்களும், 1956இல் அப்பள்ளத்தாக்கில் மூண்ட இனக்கலவரமும் இதன் முதல் அத்தியாயங்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. வீடிழந்தோருக்கென அக்கரைப்பற்றின் நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் எழுந்தன. தீகவாபியை அண்டிய நிலம் என்ற எதிர்ப்புக் கிளம்பிற்று, வழக்கு நடந்தது, 2009இல் உச்ச நீதிமன்றம் அவ்வீட்டுப் பகிர்வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வீடற்றோர் வெளியே நிற்க, வீடுகள் பல்லாண்டுகள் ஆளின்றிக் கிடந்தன.

எனவே பௌத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது எல்லைக் கல்லின் உருவமே என்றால் அதில் வியப்பில்லை. ஆனால், ஆட்சியின் கொடியாக உயர்த்தப்படும் பௌத்தத்தையும், துன்பத்தின் காரணத்தை ஆராயும் பௌத்தத்தையும் ஒன்றெனக் கொள்வது ஆராய்ச்சியாளனுக்கு அழகன்று. தீகவாபியிற் குடியிருக்கும் ஏழைச் சிங்கள உழவனும் கல்லோயா நீரை நம்பி விதைப்பவனே. அவனது சமயத்தின் உட்பொருளை அறிந்து கொள்வது, அவனோடு பேசுவதற்கு நாம் கற்க வேண்டிய மொழிகளுள் ஒன்றாகும்.

தியான இயக்கத்தின் வரலாற்றை முதலில் நோக்குவோம். இன்று வழங்கும் உருவில் இது புத்தர் காலந்தொட்டு மாறாமல் வந்த மரபு என்பது அன்பர் சிலரின் நம்பிக்கை. வரலாறு வேறு கதை கூறுகின்றது. 1885இல் பிரித்தானியர் மண்டலேயைப் பிடித்துப் பர்மிய மன்னனை நாடு கடத்தினர். அரசின் புரப்பை இழந்த சமயத்தைக் காக்க வேண்டுமாயின், மடத்திலிருந்த கல்வியை மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும் என்று கண்டவர் லெடி சயாடோ (1846–1923). உழவரும் வணிகரும் அபிதம்மம் கற்கவும் தியானம் பயிலவும் அவர் எளிய நூல்கள் எழுதினார். ஊர்தோறும் குழுக்கள் அமைத்தார். அடிமைப்பட்ட நாடொன்று தன்னைத் தற்காத்துக் கொள்ள எடுத்த முயற்சிகளுள் ஒன்றாகவே பொதுமக்களின் விபசனா பிறந்தது. விடுதலை பெற்ற பர்மாவில் மகாசி சயாடோவின் முறை பரவிற்று. அந்நாட்டின் கணக்காளர் நாயகமாக இருந்த ஊ பா கின் தம் அலுவலக ஊழியருக்கே தியானம் கற்பித்தார். புத்த ஜயந்தி ஆண்டாகிய 1956இல் இலங்கையின் கந்துபொடவில் மகாசி முறையிலான தியான நிலையம் தோன்றிற்று. மண்டலேயிற் பிறந்த இந்திய வணிகராகிய கோயங்கா (1924–2013) 1969இல் பம்பாயில் தம் முதல் முகாமை நடத்தினார். 1979இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் கபற்சின் இப்பயிற்சியைச் சமயச் சார்பற்ற மருத்துவ முறையாக மாற்றியமைத்தார். குடியேற்ற ஆதிக்கத்தை எதிர்த்த ஒரு நாட்டின் தற்காப்பு, ஒரு நூற்றாண்டுக்குள் செல்வ நாடுகளின் களைப்பு நீக்கும் மருந்தாக உருமாறியமை ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

இப்பயிற்சியின் உள்ளீடு யாது? மூச்சிலே கருத்தை நிறுத்திப் பழகியபின், உடலில் எழும் உணர்ச்சிகளை விருப்பும் வெறுப்புமின்றி நோக்க வேண்டும் என்பது கோயங்கா முறையின் சாரம். இதன் தத்துவ அடிப்படையைத் தமிழிற் காண விரும்புவோர் மணிமேகலையின் முப்பதாம் காதைக்குச் செல்லலாம். பேதைமை தொடங்கி வினைப்பயன் ஈறாகப் பன்னிரு சார்புகளை அறவண அடிகள் அங்கே விரித்துரைக்கிறார். புலன் பொருளைத் தீண்டுவது ஊறு. அதனால் இன்பமோ துன்பமோ விளைவது நுகர்வு. நுகர்வினின்றும் வேட்கை பிறக்கின்றது; வேட்கை முற்றினாற் பற்றாகின்றது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே உள்ள அந்த நூலிடையிற் கத்தியை வைப்பதே நுண்ணோக்குத் தியானத்தின் வேலை. சினம் எழுகின்றது, எழுவதை எழும்போதே காண்பவன் அதன் அடிமையாகான். இதிற் பொய்யேதும் இல்லை. கோபத்தாற் கெட்ட குடும்பங்களையும், கோபத்தைத் தூண்டிப் பிழைக்கும் அரசியலையும் அறிந்த எவரும் இத்தகைய பயிற்சியை ஏளனம் செய்யார்.

எமது கரையோர மக்களுக்கும் உள்நோக்கு அந்நியமான பொருளன்று. மூச்சோடு இறைநாமத்தை இயைக்கும் திக்ர், மனத்தை ஒருமுகப்படுத்தும் முறாக்கபா ஆகியவை சூபி வழியிற் பழகி வந்தவை. குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களைப் பாடிய தலைமுறைகள் கிழக்கிலும் வாழ்ந்தன. இரு வழிகளின் கோட்பாடுகளும் வேறு. ஒன்று இறைவனை நோக்கிச் செல்வது, மற்றையது இறைவனைப் பற்றிப் பேசாதது. எனினும் தன்னைக் காணும் முயற்சி இரண்டிற்கும் பொது.

இனி எமது உரைகல்லுக்கு வருவோம். சாத்தனார் தம் காப்பியத் தலைவிக்கு இவ்வுள்நோக்கை எப்போது வழங்குகிறார்? காப்பியத்தின் முடிவிலேயே வழங்குகிறார். பதினோராம் காதையில், ஈழக் கடலின் நயினாதீவோடு மரபு இணைத்துப் பேசும் மணிபல்லவத்தில், அவள் பெறுவது அமுதசுரபி. பதினாறாம் காதையில் ஆதிரை அதிற் பிச்சையிடுகிறாள். அடுத்து, தீராப் பசியால் வருந்திய காயசண்டிகையின் நோய் தீர்கின்றது. உலக அறவியில் ஏதிலார் உண்கின்றனர். பத்தொன்பதாம் காதையிற் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகின்றது. பின்னர் அவளே சிறைப்படுகிறாள். சிறையின் உள்ளும் புறமும் அவள் அறிந்தவை. இருபத்தேழாம் காதையில் வைதிகர் முதற் பூதவாதி வரை எல்லாச் சமயத்தாரின் வாதங்களையும் கேட்கிறாள். காஞ்சியில் வற்கடத்தால் வாடியோருக்கு உணவளிக்கிறாள். இருபத்தொன்பதாம் காதையில் அளவை நூல் கற்கிறாள். எது சரியான ஏது, எது போலி என்று பிரித்தறியும் பயிற்சி அது. இத்தனைக்கும் பின்னரே பன்னிரு சார்பும், பவத்திறம் அறுக என்ற நோன்பும் வருகின்றன.

பசி தீர்த்தல், சிறையை மாற்றுதல், மாற்றார் கருத்தைக் கேட்டல், தருக்கம் பயிலல், அதன்பின் உள்நோக்கு. இவ்வரிசை தற்செயலானதென்று நாம் கருதவில்லை. கலம் முன்னே வருகின்றது. தியானம் பின்னே வருகின்றது. இன்றைய தியான இயக்கத்தின் பெரும்பகுதி இவ்வேணியின் முதல் நான்கு படிகளையும் நீக்கி, ஐந்தாம் படியை அந்தரத்திலே தொங்கவிட்டிருக்கிறது. இதுவே எமது முதன்மையான குற்றச்சாட்டு.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக்கலாம். இந்தியச் சிறைகளுள் விபசனா முகாம் முதன்முதலில் நடந்தது 1975இல், ஜெய்ப்பூரில். 1994 ஏப்ரலில் தில்லியின் திகார்ச் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் அமர்ந்தனர். அப்போது சிறைத்துறையின் தலைமையில் இருந்தவர் கிரண் பேடி. பழிவாங்கும் எண்ணம் தணிந்தது என்று கைதிகள் பலர் கூறினர். அதனை நாம் மறுக்கவில்லை. மனிதனாக நடத்தப்படாத ஒருவனைப் பத்து நாளேனும் மனிதனாக மதித்து அமரச் செய்தது பெருமைக்குரியதே. ஆனால் சாத்தனாரின் பத்தொன்பதாம் காதையை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மணிமேகலை கைதிகளிடம் அமைதியாய் இருங்கள் என்று கூறவில்லை. அவர்களுக்கு முதலில் உணவளித்தாள். பின்னர் அரசனிடம் அச்சிறையையே கேட்டாள். அங்கே மாறியது கட்டடத்தின் இயல்பு. திகாரில் மாறியது கைதியின் மனம். விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் ஏழைகளை அடைத்து வைக்கும் முறை மாறவில்லை. அடைபட்டவனின் மனத்தைத் திருத்துவதோடு நின்றுவிடும் தியானம், அடைத்தவனுக்கே பெரிதும் உதவுகின்றது அன்றோ?

கோயங்கா முகாம்களுக்குக் கட்டணமில்லை. சாதியும் சமயமும் கேட்கப்படுவதில்லை. இவை உயர்ந்த நெறிகள். எனினும் கட்டணமின்மையாலேயே அது எல்லாருக்கும் திறந்த கதவாகிவிடுமா? பத்து நாள், நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்து மணி நேரம், பேச்சின்றி அமர்ந்திருக்க வேண்டும். கரைவலை இழுப்பவன் பத்து நாள் கடற்கரைக்குப் போகாவிட்டால் அவனது பங்கு போய்விடும். அரிசி ஆலையிற் கூலிக்கு நிற்பவனுக்கு வராத நாளுக்குச் சம்பளமில்லை. மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்கும் எம் கரையோரத்துத் தாய்க்குப் பத்து நாள் ஓய்வை யார் கொடுப்பார்? பணம் வாங்காத இடத்திலும் நேரம் விலையாகக் கேட்கப்படுகின்றது. நேரத்தை உடைமையாகக் கொண்ட வகுப்பாருக்கே உள்நோக்கும் உரித்தாகின்றது.

இதனினும் ஆழமான கேள்வி ஒன்றுண்டு. துன்பத்தின் காரணம் உள்ளேயா, வெளியேயா? விபசனாவின் மூலநூலாகப் போற்றப்படும் சதிபட்டான சூத்திரம் உடல், நுகர்வு, உள்ளம், அறப்பொருள் ஆகிய நான்கையும் உள்ளே மட்டுமன்றி வெளியேயும் நோக்குமாறு பணிக்கின்றது. உள்ளும் புறமும் சேர்த்து நோக்குமாறும் பணிக்கின்றது. இன்றைய பயிற்சிகளில் உள்ளே என்ற சொல் வளர்ந்து, வெளியே என்ற சொல் தேய்ந்துவிட்டது. சார்பிற் றோற்றம் என்ற கோட்பாடோ எங்கும் செல்லும் இயல்புடையது. எப்பொருளும் தானே தோன்றுவதில்லை. காரணங்கள் கூடியே தோன்றுகின்றது. காரணத்தை நீக்கினாற் காரியம் நீங்கும். இக்கோட்பாட்டைக் கையிலெடுத்துக் கொண்டு எமது கடற்கரைக்கு வருக.

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்து வைக்கப்பட்டது. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டது அது. கடலுக்குள் நீண்ட கல்லணைகள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து துறைமுகத்தின் வாயையே அடைத்தது. வடக்கே மணல் கிடைக்காத கரையைக் கடல் தின்றது. தென்னைகள் சரிந்தன, தோணி வைக்கவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் நீரானது, வயலுக்குள்ளும் உப்பு நீர் புகுந்தது. கல்லணை இருந்தமையால் மணல் நின்றது. மணல் நின்றமையாற் கரை அழிந்தது. கரை அழிந்தமையால் தொழில் அழிந்தது. தொழில் அழிந்தமையால் துன்பம் வந்தது. சார்பிற் றோற்றத்துக்கு இதனினும் தெளிவான பாடம் எந்த விகாரையிற் கிடைக்கும்? வாடியை இழந்த மீனவனிடம் உன் துன்பத்துக்குக் காரணம் உன் வேட்கையே என்று கூறுவது பௌத்தமும் அன்று, அறிவும் அன்று. அவன் தன் மனக் கலக்கத்தை நோக்கப் பழகட்டும்; நல்லதே. ஆனால் அவனோடு சேர்ந்து கல்லணையையும், அதனைத் திட்டமிட்ட கோப்புகளையும் நோக்குவோர் வேண்டும்.

மணிமேகலையையும் நாம் வழிபாட்டுப் பொருளாக்கவில்லை. அமுதசுரபி அற்புதப் பாத்திரம். அள்ள அள்ளக் குறையாதது. உழுபவனின் வியர்வை அதில் இல்லை. காயசண்டிகையின் பசிக்கு முனிவனொருவனின் சாபம் காரணமாகின்றது. நாட்டின் வற்கடத்துக்கு நிலவுடைமை காரணமாகக் காட்டப்படுவதில்லை. சிறை அறக்கோட்டமானதும் மன்னனின் அருளாலேயே, மக்களின் வலிமையாலன்று. பொருளே மெய் என்னும் பூதவாதியை அவள் எள்ளி நகைத்து ஒரே கேள்வியால் வாயடைக்கச் செய்வதும் நேர்மையான வாதமென்று கூறுவதற்கில்லை. இவை காலத்தின் எல்லைகள். அவ்வெல்லைகளுக்குள் நின்றும், பசித்தவனுக்கு உணவும் உறையுளும் கிடைக்கும் முன் அறம் பேச ஒருப்படாத கவிஞன் ஒருவன் தமிழிலே வாழ்ந்தான் என்பதே நாம் பெருமை கொள்ளத்தக்கது.

கலத்தையும் தியானத்தையும் மீண்டும் இணைக்க முயன்றோர் நம் காலத்தை ஒட்டியும் இருந்தனர். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கைக்கு வந்து பௌத்தம் தழுவிச் சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அவருக்குப் பௌத்தம் என்பது சாதியால் மிதிக்கப்பட்டோரின் வரலாறும், பெயரும், பள்ளிக்கூடமும், பத்திரிகையும் ஆகும். 1956 ஒக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியிற் பல லட்சம் மக்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கர், மறைவுக்குப்பின் 1957இல் வெளிவந்த தம் நூலில், துன்பமே வாழ்வின் இயல்பு என்ற போதனை மூல பௌத்தத்துக்கு உரியதுதானா என்றே வினவினார். மனிதன் மனிதனுக்கிழைக்கும் அநீதியே அவர் கண்ட துக்கம்.

இலங்கையில் ஏ. ரி. ஆரியரத்தின 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவரை அழைத்துக்கொண்டு சாதியால் ஒதுக்கப்பட்ட கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்றார். சர்வோதய இயக்கத்தின் தொடக்கம் அது. சிரமதானக் கூட்டங்களிற் சில நிமிட மைத்திரி தியானம். பின்னர் மண்வெட்டியும் கூடையும். எல்லாச் சமயத்தாரும் அதில் அமரலாம். ஒரு சமூகத்தின் நடுவே, உழைப்போடு பிணைந்த தியானத்துக்கு இந்நாட்டின் தலைசிறந்த சான்று இதுவே. ஆயினும் குறையும் உண்டு. கொம்பிரிச்சும் கணநாத் ஒபயசேகராவும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சர்வோதயம் காட்டும் கிராமம் நகரத்து நடுத்தர வகுப்பின் கற்பனை என்றனர். கற்பனையின் இனிமை எங்கே முடிகிறதென்பதை வயலில் நின்று பார்த்தால் அறியலாம். போடியாரும் வயற்காரனும் ஒரே பாயில் கண்மூடி அமர்கின்றனர். கண் திறந்தபின் நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடமே இருக்கின்றது. இணக்கம் நல்லது, நீதியின் இடத்தை அது பிடித்துக் கொள்ளலாகாது.

இறுதியாக, எமது மாவட்டத்தையே சுட்ட நிகழ்வொன்று. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்திற் கருத்தடை மாத்திரை கலந்த உணவு விற்கப்படுவதாக ஒரு வதந்தி பரவிற்று. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்த உணவில் இருந்தது மாவுக் கட்டியே என்று பின்னர் அரச பகுப்பாய்வு காட்டிற்று. ஒரு சொல் செவியிற் பட்டது; அச்சம் எழுந்தது; அச்சம் வெறுப்பானது; வெறுப்பு நெருப்பானது. அறவண அடிகள் கற்பித்த சங்கிலி ஓரிரவில் முழுவதுமாக ஓடி முடிந்தது. மூச்சை நோக்கத் தெரிந்த நாடு, வதந்தியை நோக்கக் கற்கவில்லை. அளவை நூல் கற்பிக்காமல் தியானத்தை மட்டும் கற்பிப்பதன் விளைவு இதுவே. இக்குறை ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. காத்தான்குடியில் 2004இலும் 2006இலும் சூபி வழியினர் மீது எம் சமூகத்தவரே வன்முறை புரிந்தனர். உள்நோக்கிய ஒரு மரபை வழிகேடென்று கூறி அடித்த கைகள், அயலவன் நம் பள்ளிவாசலை அடிக்கும்போது நியாயம் கேட்கும் தகுதியைத் தளர்த்திவிடுகின்றன.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது யாது? வகுப்பறையில் மணிமேகலை பெரும்பாலும் அமுதசுரபிக் கதையோடு நின்றுவிடுகின்றது. இறுதிக் காதைகள் வறண்ட தத்துவமென ஒதுக்கப்படுகின்றன. தியான நிலையத்திலோ இறுதிக் காதையின் பொருள் மட்டும் பேசப்பட்டுக் கலம் மறக்கப்படுகின்றது. இரு பாதிகளையும் ஒட்டிப் படிக்க வேண்டும். கோபத்தை நோக்கும் பயிற்சியைத் தியானத்திடமிருந்து தயக்கமின்றிப் பெறுவோம். காரணத்தை வெளியிலும் தேடும் பயிற்சியைச் சாத்தனாரின் அளவையிலிருந்தும் எமது கடற்கரையிலிருந்தும் பெறுவோம். தீகவாபியின் உழவனும் ஒலுவிலின் மீனவனும் ஒருநாள் ஒரே திண்ணையில் அமர்ந்து, நீரும் நிலமும் கரையும் யாரால், எவ்வாறு, எதன் பொருட்டுப் பறிபோயின என்று சேர்ந்து நோக்குவார்களாயின், அந்நோக்கை நுண்ணோக்கு என்று அழைக்க நாம் தயங்கமாட்டோம்.